வெயில் காலத்தில் ராமேஸ்வரம் பக்கம் பறவை இருக்குமா?

ஏப்ரல் 26, 2025. மதுரை வாசகர் ஒருவரின் கேள்வி

மே கடைசி வாரம் பிள்ளைகளுக்கு லீவு. புதுப் பாம்பன் பாலத்தில் ரயில் ஓட ஆரம்பித்துவிட்டதால் ராமேஸ்வரம் வரலாம் என்று இருக்கிறோம். பறவை பார்க்கிற பழக்கம் இப்போதுதான் வீட்டில் தொற்றியிருக்கிறது. ஆனால் வெயில் காலத்தில் அங்கே ஒன்றுமே இருக்காது, எல்லாம் வடக்கே போய்விடும், டிசம்பரில் போங்கள் என்கிறார்கள். உண்மையா?

ஏப்ரல் 27, காலை

டிசம்பரில் போகச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. பூநாரைகள், அதாவது ஃபிளமிங்கோக்கள், பெருங்கூட்டமாக நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் மழை முடிந்த பிறகான மாதங்கள்தான். மண்டபத்துக்குத் தெற்கே மனோலித் தீவிலும் முயல் தீவிலும் உள்ளான்கள் என்கிற கரைப்பறவைகள் ஆயிரக்கணக்கில் இறங்குவதும் அப்போதுதான். அந்தத் தீவுகளுக்கு நாம் நினைத்தபடி போக முடியாது என்பது வேறு கதை. மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அவையும் சேர்த்தி. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

ஆனால் "எல்லாம் வடக்கே போய்விடும்" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வலசை வந்தவற்றில் வயது வராதவை இங்கேயே தங்கிவிடும். இந்தக் கரையிலேயே பிறந்து இங்கேயே குடித்தனம் நடத்துகிறவை முட்டையிடுவது இந்த வெயிலில்தான். தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்று பிடித்துவிட்டால் கரைப்பக்கமே வராத நடுக்கடல் பறவைகள்கூட ஒன்றிரண்டு ஒதுங்கும். எண்ணிக்கை குறைவு, விஷயம் அதிகம்.

தாராளமாக வாருங்கள். ஆனால் எங்கே நடக்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 27, இரவு

கீழே கமெண்டில் ஒருவர் "வற்றம் பார்த்துப் போகணுமா, ஏற்றம் பார்த்துப் போகணுமா" என்று கேட்டிருக்கிறார். குஜராத் பக்கம் பறவை பார்த்தவராக இருக்க வேண்டும். அங்கே கடல் கிலோமீட்டர் கணக்கில் உள்வாங்கும். இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட வித்தியாசம் கிடையாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சேறு கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். நம் பக்கத்தில் காற்றைத்தான் பார்க்க வேண்டும். கச்சானும் சோழகம் என்கிற தெற்குக் காற்றும் அடிக்கிற மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) குளம் மாதிரி கிடக்கும். வாடையில் அது அப்படியே தலைகீழ். மண்டபத்து மீனவர்கள் படகை வடகரைக்கும் தென்கரைக்கும் மாற்றுவது இதை வைத்துத்தான். கரையில் இரை தேடும் பறவையும் ஏறக்குறைய அதே கணக்கில்தான் இடம் மாறுகிறது. தெற்கே அலை அடித்தால் வடக்குக் கரைக்குப் போய்ப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே மண்டபத்தில் நடந்தே போகிற தூரம்தான்.

மே 1

இன்று காலை பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகால் போயிருந்தேன். வளைமூக்கு உள்ளான்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. ஒரு சிறு கூட்டம், அதில் பாதி செங்கல் நிறத்துக்கு மாறியவை. அவை இன்னும் சில நாளில் கிளம்பிவிடும், சைபீரியாவின் வடகோடி வரைக்கும் போக வேண்டும். மீதிப் பாதி வெளுத்துப்போய், இறகு நைந்து, குளிக்காத பள்ளிப் பையன் போல நிற்கின்றன. போன வருடம் பிறந்த குஞ்சுகள் இவை. போனாலும் இந்த வருடம் கூடு கட்டப் போவதில்லை. அவ்வளவு தூரம் பறந்து, கொழுப்பைக் கரைத்து, ஒன்றும் செய்யாமல் திரும்பி வருவதற்கு இங்கேயே இருந்து இறகு மாற்றிக்கொள்வது லாபம். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்தக் கணக்கு அவற்றுக்குத் தெரிகிறது.

பொதுவாக உடல் பெரிதாக இருக்கும் வகைகளில்தான் இப்படித் தங்குவது அதிகம். குதிரைமலைக் கோட்டான், சாம்பல் உப்புக்கொத்தி, பட்டைவால் மூக்கன் எல்லாம் முதல் கோடையை இங்கேயே கழிக்கும். கொசு உள்ளான் மாதிரிச் சின்னது ஒரு வயதிலேயே குடும்பம் நடத்தத் தயாராகிவிடும், ஆகவே பெரும்பாலும் கிளம்பிவிடும்.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் 1980களில் மண்டபத்தில் தங்கி இந்த உள்ளான்களைப் பிடித்துக் காலில் அடையாள வளையம் போட்டு ஆராய்ந்தார்கள். கோடையில் தங்குகிற பறவைகள் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு அந்த வேலையிலிருந்து வந்தது. ஊரில் வயதானவர்கள் சிலருக்கு இன்னும் நினைவிருக்கிறது. "வலை போட்டுக் கொக்கு பிடிச்சு, வளையல் மாட்டி விட்டுட்டாக, ஒண்ணைக்கூடக் குழம்பு வைக்கலே" என்று ஒரு பெரியவர் இன்றைக்கும் வருத்தப்படுவார்.

மே 4

கத்திரி ஆரம்பம். உள்ளூர்க்காரர்களைப் பற்றி எழுதச் சரியான நாள்.

அனுமன் உப்புக்கொத்தி. நெடுங்காலமாக இதை கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்றுதான் எழுதி வந்தார்கள். 2023இல் மரபணு, உடல் அளவு, இறகு எல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துத் தனி இனம் என்று அறிவித்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மட்டும் வாழ்கிறது. சேதுவின் இரண்டு பக்கமும் இருக்கிற பறவைக்கு அந்தப் பெயர் வைத்ததில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஊர்க்குருவியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மேலே மணல் நிறம், கீழே வெள்ளை. ஆணுக்கு நெற்றியில் ஒரு கருப்புப் பட்டை, கழுத்தோரம் இரண்டு பக்கமும் கருப்புத் திட்டு. அலகுக்கும் கண்ணுக்கும் நடுவே கெண்டிஷுக்குக் கருப்புக் கோடு இருக்கும். இதற்கு அந்த இடம் வெள்ளை. பனிக்காலத்தில் வடக்கிலிருந்து கெண்டிஷும் வந்து இதே மணலில் கலந்து நிற்கும். அப்போது எது எது என்று பிரிப்பதற்குள் கண் பூத்துவிடும். மே மாதத்தில் அந்தத் தொல்லையே இல்லை, வந்தவை போய்விட்டன. முட்டையோடு இருப்பது நம் ஊர்க்காரர்.

சிறு ஆலா என்கிற சின்னக் கடற்பறவைக்கும் இதே நியாயம். அதையும் சாண்டர்ஸ் ஆலாவையும் பனிக்காலத்தில் பிரித்துச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். கோடை உடையில் முயலலாம். சிறு ஆலாவுக்கு நெற்றி வெள்ளை கண்ணுக்கு மேலே வரை நீளும், கால் பளிச்சென்ற மஞ்சள். சாண்டர்ஸுக்கு நெற்றி வெள்ளை கட்டையாகக் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும், கால் மங்கல், இறக்கை நுனியில் கருப்பு அதிகம். இவ்வளவும் பறக்கிற பறவையில், கானலில், வேர்வை கண்ணில் இறங்கும்போது பார்க்க வேண்டும். ஆகவே என் குறிப்புப் புத்தகத்தில் "சிறு/சாண்டர்ஸ்" என்றுதான் நிறைய இடத்தில் இருக்கிறது.

இனி முக்கியமானது. இந்த உப்புக்கொத்தியும் சிறு ஆலாவும் கூடு கட்டுவதில்லை. அலை எட்டாத மணலில் நெஞ்சை வைத்துத் தேய்த்து ஒரு குழி. அதில் இரண்டோ மூன்றோ முட்டை. மணல் நிறம், மேலே கரும்புள்ளி. சிலநேரம் சுற்றிலும் கொஞ்சம் சிப்பி உடைசல். ஓரடி தள்ளி நின்றாலும் தெரியாது. நண்பகலில் அந்த மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது. பறவை முட்டைமேல் உட்கார்வது அப்போது அடைகாப்பதற்கு இல்லை, நிழல் கொடுப்பதற்கு. நடுநடுவே தண்ணீருக்கு ஓடி வயிற்று இறகை நனைத்து வந்து உட்காரும். ஒன்று எழுந்தால் இன்னொன்று வந்துவிடும்.

நீங்கள் அந்த இடத்தில் நின்று குடும்பத்தோடு படம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். பறவை எழுந்து ஓடிவிடும். நீங்கள் பத்து நிமிடம் நின்றால் போதும், முட்டைக்குள் இருப்பது வெந்துவிடும். யாரும் மிதிக்கக்கூட வேண்டியதில்லை.

ஒரு உப்புக்கொத்தி உங்கள் முன்னால் இறக்கை ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு ஓடினால், "ஐயோ பாவம் அடிபட்டிருக்கு" என்று துரத்தாதீர்கள். பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது, உங்களைத் திசை திருப்புகிறது. வந்த காலடித் தடத்திலேயே அப்படியே திரும்பிவிடுங்கள்.

மே 5

"கூடு சரியாக எங்கே இருக்கிறது, மேப்பில் பின் போடுங்களேன்" என்று நாலைந்து பேர். போட மாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மே 9

வாலிநோக்கம் போய் வந்தேன். உப்பளத்தில் இப்போது முழு வேலை. அரசு உப்பு நிறுவனத்தின் பாத்திகளுக்குள் கேட்காமல் நுழையக் கூடாது, ஆனால் வெளியே ரோட்டோரம் நின்றாலே நிறையப் பார்க்கலாம். கடல் தண்ணீரை முதலில் தேக்குகிற பெரிய பாத்திகளில் உப்பு இன்னும் ஏறியிருக்காது, அங்கே மீனும் புழுவும் இருக்கும், பறவையும் இருக்கும். தண்ணீர் அடுத்தடுத்த பாத்திக்குப் போகப் போக உறைப்பு ஏறும், பறவை குறையும். கடைசியில் உப்பு விளைகிற பாத்தியில் ஒன்றும் நிற்காது. கண்கூசும் வெள்ளை மட்டும்தான்.

நெடுங்கால் உள்ளான்கள் வரப்பில் முட்டையிட்டிருந்தன. கருப்பு வெள்ளை உடம்பு, குச்சி மாதிரி ரோஸ் நிறக் கால். கூடு பக்கம் ஆள் போனால் நாய்க்குட்டி குரைக்கிற மாதிரிக் கத்திக்கொண்டு தலைக்கு மேலே சுற்றும். உப்பு வாருகிற ஒரு அக்கா, "அந்த வரப்புல போகாதீக, முட்டை கெடக்கு" என்று எனக்கே சொன்னார். அவர் நடக்கிற வழியில் அந்த இடம் வந்ததும் தானாகவே பாத்திக்குள் இறங்கிச் சுற்றி ஏறுகிறார், தலையில் கூடையோடு. யாரும் போர்டு வைக்கவில்லை.

தூரத்தில் பூநாரைகள் கொஞ்சம். பெரும்பாலும் சாம்பல் பூத்த இளசுகள், ரோஸ் நிறம் இன்னும் ஏறவில்லை. இவையும் வயது வராமல் தங்கினவைதான்.

மே 10

மேலே பூநாரை என்று எழுதியதும் ஒரு நண்பர், "ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற ஃபிளமிங்கோ தானே" என்று கேட்டிருக்கிறார். அவர்மேல் தப்பில்லை. வருடா வருடம் ஜனவரியில் பேப்பரில் அப்படித்தான் வருகிறது. ஆஸ்திரேலியாவில் காட்டில் வாழும் பூநாரையே கிடையாது. நம் நாட்டில் அவை குஞ்சு பொரிக்கிற பெரிய இடம் கட்ச் பாலைவனச் சதுப்பு, குஜராத்தில். கண்டம் தாண்டி வந்தால்தான் விருந்தாளிக்கு மதிப்பு என்று செய்தியாளர்கள் நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

மே 13

சக்கரக்கோட்டைக் கண்மாய், தேர்த்தங்கல் இரண்டும் இந்த வருடம் பிப்ரவரியில் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டன, மதுரைக் குடும்பத்தை அங்கே அனுப்புங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022லேயே சேர்ந்துவிட்டன. எல்லாம் அருமையான இடங்கள். ஆனால் மே மாதத்தில் வேண்டாம். இவை கண்மாய்கள். வடகிழக்குப் பருவமழையில் நிறையும், கருவேல மரங்கள் தண்ணீரில் நிற்கும், அதில்தான் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் அரிவாள்மூக்கனும் கூடு வைக்கும். வெயில் ஏறினால் தண்ணீர் வற்றும், குஞ்சு பறக்கும், இடம் காலி. மே கடைசியில் போனால் வெடித்த களிமண்ணில் ஆடு மேய்வதைப் பார்க்கலாம். அந்தக் கண்மாய்களுக்குத்தான் டிசம்பர், ஜனவரி. உங்களுக்கு யோசனை சொன்னவர் இதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம்.

வெயிலில் நிழலும் வேண்டும், பறவையும் வேண்டும் என்றால் காரங்காடு. தொண்டி பக்கம், வடகடல் கரை. அலையாத்திக் காட்டுக்குள் ஊர்க்காரர்களை வைத்து வனத்துறை படகு விடுகிறது. கரைக்கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி நிச்சயம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எனக்கு அங்கே பறவையைவிட இறால் வறுவல்தான் நினைவில் நிற்கிறது, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மே 18

மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. பாம்பனில் பறவையே குறைந்துவிட்டது என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். குறைந்தது உண்மைதான். விசைப்படகு கரைக்கு வந்தால் கழிவு மீன் கொட்டும், செம்பருந்தும் காக்கையும் அதற்காகக் கூடும். இப்போது நாட்டுப்படகும் கரைவலையும் மட்டும்தான், கொட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது. பருந்துகள் பழையபடி தானே மீன் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கின்றன.

எனக்குக் கவலை நாய்களைப் பற்றி. துறைமுகத்தில் வயிறு நிறைந்த நாய் மணலுக்கு வராது. தடைக்காலத்தில் வரும். அவை முட்டையைத் தின்னுகிற மாதமும் பறவைகள் முட்டையிடுகிற மாதமும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. சுற்றுலா வருகிறவர்கள் பாவம் பார்த்து அரிச்சல்முனையில் பிஸ்கட் போட்டு அந்த நாய்களை அங்கேயே நிறுத்திவைக்கிறார்கள். காக்கைக்கும் அதேதான். மனிதன் உட்கார்ந்த இடத்துக்குக் காக்கை வரும், காக்கை வந்த இடத்தில் குஞ்சு மிஞ்சாது.

பருந்து என்றதும் நினைவு வந்தது. ஸ்கோப், பெரிய லென்ஸ் எல்லாம் கொண்டு வருகிறவர்கள் உச்சிப்புளி பக்கம் கவனம். அங்கே கடற்படை விமானத் தளம் இருக்கிறது, பெயரே ஐஎன்எஸ் பருந்து. "பருந்தைப் படம் எடுக்கிறேன் சார்" என்று அந்தச் சுற்றுச்சுவர் ஓரம் நின்று சொன்னால் விளக்கம் கொடுத்து முடிக்க மதியம் ஆகிவிடும்.

மே 24

மதுரைக்காரருக்கு, சுருக்கமாக.

காலை வெளிச்சம் வந்ததிலிருந்து எட்டரை மணி வரைதான் கணக்கு. அதற்குப் பிறகு கானல் ஆடும், ஸ்கோப்பில் எல்லாப் பறவையும் நெளியும். மாலை நாலரைக்கு மேல் மறுபடி முயலலாம், ஆனால் தனுஷ்கோடியில் இருட்டுவதற்கு முன்பே வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் 2017இல் ரோடு வந்துவிட்டது. அந்த ரோட்டில் காரை ஓரம் கட்டி, காருக்குள்ளிருந்தே பாருங்கள். பறவை காருக்குப் பயப்படாது, இறங்கிய ஆளுக்குத்தான் பயப்படும். இரண்டு பக்கமும் கடல், நடுவே ஆங்காங்கே தேங்கிய நீர். அதில் ஆலாக்கள் குளிக்கும். இறங்கி நடக்க வேண்டுமென்றால் அலை நனைத்த ஈரமணலில் மட்டும். காய்ந்த மணலிலும் அடும்பங்கொடி ஓரத்திலும் கால் வைக்காதீர்கள், பிள்ளைகளை ஓட விடாதீர்கள். மணலில் வண்டி ஓட்டுகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

தண்ணீர் நிறைய. தொப்பி. வழியில் நுங்கு கிடைக்கும், பேரம் பேசாதீர்கள்.

கச்சான் எழும்பிவிட்டது. கேரளத்தில் இன்று மழை தொடங்கியாயிற்று என்று செய்தி. நமக்கு மழை வராது, மணல்தான் பறந்து முகத்தில் அடிக்கும்.

ஜூன் 1

மதுரைக் குடும்பம் வந்து போய்விட்டது. அவர் தனியாக எழுதிய கடிதத்திலிருந்து: கொண்டை ஆலாக்கள் கூட்டமாகப் பார்த்தார்கள். கருப்பு நிறக் கரைக்கொக்கு பார்த்தார்கள். முட்டை எதுவும் பார்க்கவில்லை. பார்க்காதது நல்லது. சின்னப் பெண் மிகவும் ரசித்தது பறவையை இல்லை, குழியிலிருந்து எட்டிப் பார்த்த நண்டை. போகட்டும், நண்டைப் பார்க்கத் தெரிந்தவர் நண்டு தின்கிற உள்ளானையும் ஒருநாள் பார்ப்பார்.

அந்த நண்டு தின்னி உள்ளானைப் பற்றி ஒரு வார்த்தை. கருப்பும் வெள்ளையுமாக, தடித்த கருப்பு அலகு. கரைப்பறவைகளில் இது தனிப்பிறவி. மணலில் வளை தோண்டி உள்ளே ஒரே ஒரு வெள்ளை முட்டை இடும். வளைக்குள் வெயில் படாது என்பதால் அடைகாக்கிற பாடும் குறைவு. குஞ்சு பறக்கப் பழகிய பிறகும் பல மாதம் தாயோடு சுற்றி ஊட்டச் சொல்லிக் கெஞ்சும். சேது மணல்திட்டுகளில் இலங்கைப் பக்கம் இது குஞ்சு பொரிக்கிறது. அங்கே நமக்குப் போக வழியில்லை. எல்லை, கடலோரக் காவல், எல்லாம் சேர்ந்து மனிதர்களைத் தடுத்து வைத்திருக்கின்றன. பறவைகளுக்கு அந்த எல்லைக்கோட்டால் கிடைத்த ஒரே லாபம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. நம் மீனவர்களுக்கு அதே கோடு என்ன செய்கிறது என்பதை யோசித்தால் அப்படிச் சொல்லவும் நாக்கு கூசுகிறது.

ஜூன் 6

நேற்று சுற்றுச்சூழல் நாளில் தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவித்துவிட்டார்கள். 524.7 ஹெக்டேர். காலையிலிருந்து போன் மேல் போன்.

சந்தோஷம்தான். ஒரே ஒரு முணுமுணுப்பு. பெயரில் பூநாரை இருக்கிறது. பூநாரை அழகு, உயரம், ரோஸ் நிறம், போஸ்டருக்கு ஏற்றது. ஆனால் அது இங்கே முட்டையிடுவதில்லை. மனிதன் பக்கத்தில் வந்தால் பறந்து அடுத்த நீர்நிலைக்குப் போய்விடும். இந்த மணலை விட்டால் வேறு கதி இல்லாதது உள்ளங்கையில் அடங்குகிற உப்புக்கொத்திதான். பூநாரை பெயரில் வேலி வந்து அதன் முட்டை பிழைத்தால் எனக்குப் பெயரைப் பற்றிக் கவலையில்லை. பூநாரை இல்லாத மாதம் என்று கோடையில் காவலைத் தளர்த்தினால்தான் கவலை.

மீனவர்கள் சிலர் பயப்படுகிறார்கள், கரைவலை இழுக்க விடுவார்களா என்று. நியாயமான பயம். இந்தக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களால் கூடு அழிந்து நான் பார்த்ததில்லை. அவர்கள் தினமும் ஒரே தடத்தில் நடக்கிறார்கள், பறவைகள் அந்தத் தடத்தை விட்டுத்தான் முட்டையிடுகின்றன. எங்கே போவோம் என்று தெரியாமல் கால் போன போக்கில் நடக்கிறவர்களால்தான் ஆபத்து. அதாவது, நம்மால்.

ஜூன் 17

தடை முடிந்து படகுகள் போய்விட்டன. துறைமுகத்தில் பருந்துகள் திரும்பிவிட்டன, மூன்றே நாளில் பழைய குணம்.

காற்று பலமாக இருக்கிறது. நேற்று பாம்பன் பாலத்துக்கு மேலே ஒரு ஃப்ரிகேட் பறவை. நீண்ட கோண இறக்கை, கவட்டை மாதிரி வால், இறக்கையை அசைக்கவே இல்லை. ரோட்டுப் பாலத்தில் எல்லோரும் ரயில் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் வானத்தைப் பார்த்ததால் பக்கத்தில் நின்றவர் மேலே ஹெலிகாப்டரா என்று கேட்டார்.

இந்த மாதங்களில் கரையில் சோர்ந்து கிடக்கிற கருப்பு, பழுப்புக் கடல் பறவைகளைப் பார்த்தால் தண்ணீரில் தூக்கி எறியாதீர்கள். பலரும் நல்லெண்ணத்தில் அதைத்தான் செய்கிறார்கள். புயல்காற்றில் இரை கிடைக்காமல் பட்டினியில் ஒதுங்கியவை அவை. அட்டைப் பெட்டியில், நிழலில், சத்தமில்லாமல் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஷியர்வாட்டர் வகைகளுக்கு அலகு நுனி கொக்கி, கையைக் கிழிக்கும். துண்டு போட்டுப் பிடியுங்கள்.

ஜூலை 3

யோசித்துப் பார்த்தேன். கோடையில் வாருங்கள் என்று ஏப்ரலில் கூப்பிட்டேன். அதைப் படித்துவிட்டு வந்ததாக இந்தச் சீசனில் சந்தித்த ஆட்களின் எண்ணிக்கை நான் நினைத்ததைவிட அதிகம். இது நல்லதா?

யாரும் வராவிட்டால் இங்கே குஞ்சு பொரிக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது, தெரியாத இடத்தில் யார் வேண்டுமானாலும் எதையும் கட்டலாம். எல்லோரும் வந்தால் அதுவே கேடு. சரி, நடுவழி ஒன்று இருக்கிறது என்று இப்போதும் நம்புகிறேன்: கோடையில் ரோட்டிலிருந்து பாருங்கள், மணலுக்கு இறங்குவதை ஆகஸ்டுக்குத் தள்ளிப் போடுங்கள். போட்டோ எடுப்பவர்கள் சிலர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார்கள். குஞ்சு தாயின் வயிற்றடியில் நுழைகிற படம் எல்லோருக்கும் வேண்டும். அந்தப் படத்துக்காக ஒருவர் நண்பகலில் மணலில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தேன். அவருக்கும் வேகும், முட்டைக்கும் வேகும். அவர் எழுந்து போய்விட்டால் பிழைத்துக்கொள்வார். பறவைக் கூட்டையும் முட்டையையும் தொந்தரவு செய்வது 1972 வனவிலங்குச் சட்டத்தில் வேட்டைக்குச் சமம் என்று அவரிடம் சொன்னேன். "நான் தொடவே இல்லையே" என்றார்.

ஜூலை 24

ஆடி அமாவாசை. அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லை. தேவிபட்டினம், சேதுக்கரை, எல்லா இடத்திலும் கூட்டம். பறவை பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கு வர வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதியிருக்கலாம்.

கூட்டத்தைத் தவிர்த்து மண்டபம் வடகரைக்குப் போனேன். மங்கோலிய உப்புக்கொத்தி ஒரு சிறு கூட்டம், இரண்டில் நெஞ்சுச் சிவப்பு இன்னும் அழியவில்லை. கோடையில் தங்கியவை இப்படிச் சிவந்திருக்காது. இவை போய்த் திரும்பியவை. கடைசியாகக் கிளம்பினவை மே மாதத்தில்தான் போயின. ஆக "ஒன்றும் இல்லாத காலம்" என்று சொல்கிறார்களே, அது முழுசாக இரண்டரை மாதம்கூட வரவில்லை. அந்த இரண்டரை மாதத்திலும் இங்கே முட்டை இருந்தது.

ஜூலை 29

ஒரு நண்பர் மண்டபத்தில் எடுத்த படத்தில் உப்புக்கொத்தியின் காலில் ஆராய்ச்சியாளர்கள் அடையாளத்துக்கு மாட்டுகிற சின்னக் கொடி தெரிகிறது, என்ன செய்வது என்று கேட்கிறார். கொடியின் நிறம், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, எழுத்து அல்லது எண் தெரிந்தால் அது, தேதி, இடம். இத்தனையும் குறித்துப் படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்புங்கள். எங்கே, எப்போது மாட்டியது என்று பதில் வரும். படம் மங்கலாக இருந்தாலும் அனுப்புங்கள், பெரிதாக்கிப் பார்க்க அவர்களுக்குத் தெரியும். கொடியைச் சரியாகப் பார்க்க வேண்டும் என்று பறவையைத் துரத்தாதீர்கள், அது நாளைக்கும் அதே சேற்றுக்குத்தான் வரும்.